கண் அறுவைக்கு உரியவர் யார்? ஜவ்வாது மலையை முன்வைத்து ஓர் ஆய்வு

விவாதத்தின் எல்லை

கண்ணில் அறுவை செய்யும் உரிமை, மருத்துவப் பட்டத்துடன் கண் மருத்துவத்தில் மேற்படிப்பும் முடித்தவர்களுக்கு மட்டுமே உரியதா, கண் பரிசோதனையில் பட்டம் பெற்ற ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்கும் அதில் ஒரு பகுதியை வழங்கலாமா என்னும் கேள்வி, அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு வருகிறது. இந்தியாவில் அக்கேள்வி அதே வடிவில் எழாவிட்டாலும், மருந்து எழுதவும் அறுவை செய்யவும் உரியவர் யார் என்னும் அதன் மூலக்கேள்வி 2019-க்கும் 2021-க்கும் இடையில் மூன்று முறை சட்ட வடிவம் பெற்றது. உரிமையை விரிவாக்க வேண்டும் என்போர் எங்கும் முதலில் சுட்டிக்காட்டுவது மருத்துவர் எட்டாத ஊர்களில் வாழும் மக்களையே. ஆகவே அத்தகைய நிலப்பகுதி ஒன்றிலிருந்து இவ்விவாதத்தை அணுகினால்தான் அதன் உண்மையான எடை தெரியும். வட தமிழ்நாட்டின் ஜவ்வாது மலை அதற்குப் பொருத்தமான களம்.

விவாதத்தைப் பின்தொடர, கண் நலத்துறையில் பணிபுரிவோரின் படிநிலைகளை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எம்.பி.பி.எஸ். படிப்பைப் பயிற்சிக்காலம் உட்பட ஐந்தரை ஆண்டுகளில் முடித்து, அதன்பின் எம்.எஸ். அல்லது அதற்கு இணையான மேற்படிப்பை மூன்று ஆண்டுகள் பயின்றவர் கண் மருத்துவர். அறுவைப் பயிற்சி அந்த மேற்படிப்பின் பகுதி. பிளஸ் டூ முடித்து நான்காண்டுப் பட்டம் பெற்றவர் ஆப்டோமெட்ரிஸ்ட். பார்வைக் குறைபாட்டை அளந்து கண்ணாடி எழுதுவதும், கண்ணின் உள்ளழுத்தத்தையும் விழித்திரையையும் சோதிப்பதும், நோயை அடையாளம் கண்டு மருத்துவரிடம் அனுப்புவதும் அவர் பணிகள். சென்னையில் 1985-இல் தொடங்கப்பட்ட எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி இப்பட்டப்படிப்புக்கு இந்தியாவில் வழிகாட்டியது. இவ்விருவரையும் தவிர, 1976-இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் வழியே, இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற கண் மருத்துவ உதவியாளர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தப்பட்டனர். கிராமத்து மக்கள் முதலில் சந்திப்பது பெரும்பாலும் இவர்களைத்தான்.

மலையின் தேவை

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் ஜவ்வாது மலை, வெளியுலகுக்குக் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தால் அறிமுகமானது. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர், பட்டியல் பழங்குடியினராக வகைப்படுத்தப்பட்ட மலையாளிகள். சாமையும் பிற சிறுதானியங்களும் விளைவிப்பதும், பலா, புளி, தேன் முதலியவற்றைத் திரட்டுவதும், கூலி வேலைக்கு வெளியூர் செல்வதும் அவர்களின் பிழைப்பு. மலையின் மையமான ஜமுனாமரத்தூரில் அரசு சுகாதார நிலையம் உண்டு. ஆயினும் கண்ணில் அறுவை செய்துகொள்ள வேண்டுமெனில், கிழக்கே போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ, மேற்கே ஆலங்காயம் வழியாகத் திருப்பத்தூர்ப் பக்கமோ மலையிறங்கியாக வேண்டும். சிற்றூர்களிலிருந்து முதன்மைச் சாலைக்கு வந்து சேர்வதே பலருக்குத் தனிப் பயணம்.

இந்தியா முழுவதற்கும் 2015 முதல் 2019 வரை நடத்தப்பட்ட தேசியப் பார்வையின்மைக் கணக்கெடுப்பு, 50 வயதைக் கடந்தோரில் 1.99 விழுக்காட்டினர் பார்வையற்றவர்கள் என்று கண்டறிந்தது. மூன்று மீட்டர் தொலைவில் நீட்டிய விரல்களை, நல்ல கண்ணாலும் எண்ண இயலாத நிலையையே அக்கணக்கெடுப்பு பார்வையின்மை என்று வரையறுத்தது. அவ்வாறு பார்வை இழந்தவர்களில் 66.2 விழுக்காட்டினருக்குக் காரணம் கண்புரை, அதாவது கண்ணின் இயற்கை வில்லை வெண்மையாகி ஒளியை மறைப்பது. ஓர் அறுவையால் நீங்கக்கூடிய இக்குறை இன்னும் முதலிடத்தில் நிற்பது, அறுவை செய்வோரின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்ற வாதத்துக்கு வலுச் சேர்ப்பதாகத் தோன்றும். ஆனால் அதே கணக்கெடுப்பு, 7.2 விழுக்காட்டினரின் பார்வையின்மைக்குக் கண்புரை அறுவையில் நேர்ந்த சிக்கல்களே காரணம் என்றும் கூறுகிறது. கண்ணழுத்த நோயால் பார்வை இழந்தவர்களைவிட இந்த எண்ணிக்கை அதிகம். அறுவையின் எண்ணிக்கையையும் தரத்தையும் பிரித்துப் பார்க்க இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மலைவாழ் முதியவர் ஒருவர் புரையோடு ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுவதற்கான காரணங்களை வரிசைப்படுத்தினால், அறுவை மருத்துவர் இல்லை என்பது அவற்றுள் ஒன்றாக மட்டுமே நிற்கும். தமக்கு வந்திருப்பது அறுவையால் தீரக்கூடிய நோய் என்று யாரும் சொல்லாதது, புரை நன்றாக முற்றிய பிறகுதான் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்ற பழைய எண்ணம், மருத்துவமனையில் துணைக்குத் தங்க ஆள் இல்லாதது, அறுவடைக் காலத்தில் இழக்க வேண்டிய கூலி, வீட்டில் ஒரு பாட்டியின் கண்பார்வைக்கு யாரும் முதலிடம் தராதது ஆகியவையும் சேர்ந்தே வழியை அடைக்கின்றன. இவற்றுள் எதுவும் மற்றொரு தொழிலினருக்கு அறுவை உரிமை வழங்கும் சட்டத்தால் நீங்குவதில்லை.

பழைய பாடங்கள்

முறையான பயிற்சியும் பொறுப்பும் இல்லாதவர் கண்ணில் கருவி வைத்தால் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு முன்பே அனுபவித்திருக்கிறது. புரையோடிய வில்லையை வெளியே எடுக்காமல், கூரிய கருவியால் கண்ணின் பின்புறத்துக்குத் தள்ளிவிடும் முறை சுசுருத சங்கிதை காலத்திலிருந்து இந்தியாவில் வழங்கி வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஊர் ஊராகச் சென்று அதைச் செய்த வைத்தியர்கள் சென்னை மாகாணத்தில் இருந்தனர். அவர்களிடம் அறுவை செய்துகொண்டு பின்னர் துன்புற்றவர்கள் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தனர். 1819-இல் தொடங்கப்பட்டு, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்றாக விளங்கும் அம்மருத்துவமனையில் தலைமை மருத்துவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், அத்தகைய பல நூறு கண்களை ஆராய்ந்து, தம் முடிவுகளை 1917-இல் லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியில் சொற்பொழிவுகளாக வழங்கிப் பின் நூலாக்கினார். புரையைத் தள்ளிய அன்றே நோயாளிக்கு வெளிச்சம் தெரிந்துவிடும். அழற்சியும் உள்ளழுத்தமும் பார்வையைப் பறிப்பது பின்னர்தான். அதற்குள் வைத்தியர் வேறு ஊர் போயிருப்பார். தன் தோல்வியைக் காணாத கைக்குத் திருத்தம் வராது என்பதே அவ்வரலாறு தரும் பாடம்.

மறுபக்கப் பாடமும் உண்டு. தமிழ்நாட்டின் பழைய தலைமுறை நன்கறிந்த, எல்.எம்.பி. என்னும் உரிமப் படிப்பு முடித்த டாக்டர்கள், முழுப் பட்டப்படிப்பைவிடக் குறுகிய பயிற்சியோடு சிற்றூர்களில் பெரும்பணி ஆற்றியவர்கள். 1946-இல் அறிக்கை அளித்த போர் (Bhore) தலைமையிலான சுகாதாரக் குழு, நாட்டுக்கு ஒரே தரமான பட்டதாரி மருத்துவர் போதும் என்று பரிந்துரைத்தது. குழுவுக்குள்ளேயே அதற்கு மாற்றுக் கருத்து இருந்தது. உரிமப் படிப்பு மறைந்தபின், பட்டதாரிகள் நகரங்களில் குவிந்தனர். கிராமங்களில் அந்த இடம் நெடுங்காலம் நிரப்பப்படவில்லை. தரத்தை உயர்த்துகிறோம் என்ற பெயரில் சேவையே இல்லாமல் போகலாம் என்ற எச்சரிக்கை இதில் இருக்கிறது. கண் மருத்துவர்கள் தங்கள் எல்லையைக் காப்பது முழுவதும் நோயாளியின் நலனுக்காகவே என்று கொள்ளவும் இயலாது. எந்தத் தொழிலுக்கும் தன்னலம் உண்டு.

சட்டங்கள் வகுத்த கோடுகள்

2019-இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு வரையறுக்கப்பட்ட உரிமம் அளிக்க 32-ஆம் பிரிவில் வழிவகுத்தது. முதன்மை நிலையிலும் நோய்த்தடுப்பிலும் குறிப்பிட்ட மருந்துகளைத் தாமே எழுத அந்த உரிமம் இடமளிக்கிறது. அறுவை அதில் இல்லை. அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு, பதிவு பெறாமல் மருத்துவம் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. 2020 நவம்பரில், ஆயுர்வேத மேற்படிப்பு மாணவர்கள் பயில வேண்டிய அறுவை முறைகளை இந்திய மருத்துவ மத்தியக் குழு அறிவிக்கையாக வெளியிட்டது. மொத்தம் 58 முறைகள் கொண்ட அப்பட்டியலில், கண், காது, மூக்கு, தொண்டை ஆகியவற்றுக்குரிய சாலாக்கியப் பிரிவுக்கு 19 ஒதுக்கப்பட்டன. கண்புரை அறுவையும் அவற்றுள் அடங்கும். இந்திய மருத்துவச் சங்கம் டிசம்பர் 11 அன்று வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தது. 2021-இன் தேசிய இணை மற்றும் நலவாழ்வுத் தொழில்முறை ஆணையச் சட்டம், ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்குத் தேசிய அளவில் சட்ட அங்கீகாரமும் பதிவேடும் அளித்தது. அதுவரை பலர் கண்ணாடிக்கடை ஊழியராக மட்டுமே கருதப்பட்டதை நோக்கினால், இதன் அருமை புரியும். இம்மூன்றில் எதுவும் ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்கு அறுவை உரிமை வழங்கவில்லை.

வெளிநாட்டுச் சான்றுகள்

அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலம் 1998-இல் ஆப்டோமெட்ரிஸ்டுகள் லேசர் சிகிச்சை அளிக்கச் சட்டம் இயற்றியது. கென்டக்கி 2011-இலும், லூசியானா 2014-இலும், அவற்றின்பின் வேறு சில மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. கலிபோர்னியாவில் சட்டமன்றம் ஏற்ற மசோதாவை, பயிற்சி போதுமானதெனத் தமக்கு நம்பிக்கை ஏற்படவில்லை என்று கூறி 2022-இல் ஆளுநர் திருப்பி அனுப்பினார். இச்சட்டங்கள் அனுமதிப்பவை, புரை அறுவைக்குப் பின் வில்லை உறையில் படியும் மங்கலை லேசரால் நீக்குவது, கண்ணழுத்த நோயில் நீர் வடியும் வழியை லேசரால் சீராக்குவது, இமையின் சிறு கட்டிகளை அகற்றுவது போன்றவையே. இவை எவையும் கண்புரை அறுவையை ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்குத் திறந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் இவ்விவாதத்தைக் கேட்போர் பெரும்பாலும் தவறவிடும் உண்மை இது.

லேசர் சிகிச்சைகளிலும் சான்றுகள் ஒருமுகமாக இல்லை. ஒக்லஹோமாவில் கண்ணழுத்த நோய்க்கு லேசர் பெற்ற 1,384 கண்களை ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று, கண் மருத்துவர் சிகிச்சை அளித்தவற்றில் 15.1 விழுக்காட்டுக்கும், ஆப்டோமெட்ரிஸ்ட் சிகிச்சை அளித்தவற்றில் 35.9 விழுக்காட்டுக்கும் அதே கண்ணில் மீண்டும் லேசர் செய்ய நேர்ந்ததாகக் காட்டியது. சிகிச்சையை இரு தவணைகளாகப் பிரித்துச் செய்யும் வழக்கமே இவ்வேறுபாட்டை உண்டாக்கியிருக்கலாம் என்று மறுதரப்பு வாதிட்டது. காப்பீட்டுப் பட்டியல்களை மட்டும் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு என்பதால், அந்த மறுப்பை முற்றிலும் ஒதுக்கவும் இயலாது. பிரிட்டனில் பயிற்சி பெற்ற செவிலியரும் ஆப்டோமெட்ரிஸ்டுகளும் இத்தகைய சில சிகிச்சைகளைச் செய்கின்றனர். ஆனால் மருத்துவமனைக்குள், மூத்த கண் மருத்துவரின் பொறுப்பில், முடிவுகள் தணிக்கைக்கு உட்படும் முறையில் செய்கின்றனர்.

ஆப்பிரிக்க அனுபவம் இன்னும் ஆழமானது. கென்யா, தான்சானியா, மலாவி, காம்பியா முதலிய நாடுகளில், பல லட்சம் மக்களுக்கு ஒரு கண் மருத்துவர்கூட இல்லாத நிலையில், மருத்துவப் பட்டம் பெறாத அலுவலர்களும் செவிலியரும் கண்புரை அறுவைக்கென்றே தனிப் பயிற்சி பெற்றனர். அவர்கள் பலரின் பார்வையை மீட்டது உண்மை. எனினும் நுண்ணோக்கி, உதவியாளர், நோயாளிகளைத் திரட்டும் ஏற்பாடு ஆகியவை இல்லாத இடங்களில், பயிற்சி பெற்றவர்களாலும் ஆண்டுக்குக் குறைவான அறுவைகளே செய்ய முடிந்தது என்று கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வுகள் காட்டின. அறுவை குறைந்தால் கைத்திறனும் குறையும். எத்தியோப்பியாவில், டிரக்கோமா நோயால் உள்நோக்கி மடிந்த இமையைச் சீராக்கும் அறுவையில் கண் மருத்துவர்களையும் பயிற்சி பெற்ற கண் நலப் பணியாளர்களையும் ஒப்பிட்டு 2004-இல் வெளியான ஆய்வு, முடிவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. அது கண் கோளத்துக்கு வெளியே, இமையில் செய்யப்படும் அறுவை. பணியை எவ்விடத்தில் பகிரலாம் என்பதற்குக் கண் கோளத்துக்கு உள்ளே, வெளியே என்னும் அந்த வேறுபாடே வழிகாட்டுகிறது.

அறுவையின் உள்ளே நிகழ்வது

தமிழ்நாட்டின் பொதுச் சேவை மருத்துவமனைகளில் பரவலாகச் செய்யப்படும் சிறுதுளைக் கண்புரை அறுவையில், கண்ணின் வெண்படலத்தில் ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் அகலத்தில் தையல் தேவைப்படாத சரிவுப்பாதை ஒன்று வெட்டப்படுகிறது. வில்லையைச் சூழ்ந்த மெல்லிய உறையின் முன்பக்கத்தைத் திறந்து, கடினமான புரையை அப்பாதை வழியே வெளியேற்றி, அதே உறைக்குள் செயற்கை வில்லையைப் பொருத்துகின்றனர். தேர்ந்த கை இதைப் பத்து நிமிடங்களுக்குள் முடித்துவிடும். இந்த வரிசையை மருத்துவர் அல்லாதவரும் கற்கலாம் என்பது ஆப்பிரிக்காவில் நிறுவப்பட்டதே. ஆனால் உறையின் பின்புறச் சுவர் மைக்ரான் கணக்கில் அளக்கத்தக்க மெல்லியது. அது கிழிந்தால், கண்ணின் பின்னறையிலுள்ள கூழ்மம் முன்னே பிதுங்கும். வில்லைத் துண்டு விழித்திரைமீது விழக்கூடும். அந்நேரத்தில் எதை வெட்டுவது, எதை விட்டுவிடுவது, எந்த வில்லையை எங்கே பொருத்துவது, எப்போது நிறுத்தி வேறு நிபுணரிடம் அனுப்புவது என்ற முடிவுகள் உடனுக்குடன் எடுக்கப்பட வேண்டும். மரத்துப்போகச் செய்யும் ஊசியால் இரத்தக்கசிவு ஏற்பட்டாலோ, முதியவரின் இதயம் தடுமாறினாலோ, முழு மருத்துவப் பயிற்சியே துணை நிற்கும். நீண்ட பயிற்சி தேவைப்படுவது அந்த அரிய கணங்களுக்காகவே. மலைப்பகுதி நோயாளிகள் பெரும்பாலும் முற்றிக் கடினமான புரையோடு வருவதால், அத்தகைய கணங்கள் அவர்களிடம் நேரவே வாய்ப்பு அதிகம்.

மருத்துவர் கையில் கத்தி இருந்தாலே பாதுகாப்பு உறுதி என்றும் கொள்ளலாகாது. 2008-இல் விழுப்புரம் மாவட்டத்தில் முகாம் மூலம் தேர்ந்தெடுக்கப்பட்டுப் புரை அறுவை செய்துகொண்டவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் தொற்றால் பார்வை இழந்தனர். அறுவைக்கூடத் தூய்மை, கருவிகளின் கிருமிநீக்கம், கண்ணுக்குள் செலுத்தும் நீர்மம், அறுவைக்குப் பிந்தைய கவனிப்பு ஆகிய சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் விளைவு அதுவே.

தமிழ்நாடு கண்ட வழி

அறுவை செய்யும் கையை மாற்றாமல், அக்கையைச் சுற்றியுள்ள பணிகளைப் பகிர்ந்தளிப்பது தமிழ்நாடு உலகுக்குக் காட்டிய வழி. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த கிராமப்புற இளம்பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி அளித்து, பார்வை அளத்தல், வில்லையின் திறன் கணித்தல், நோயாளியைத் தயார்ப்படுத்தல், அறுவையில் உதவுதல், ஆலோசனை கூறுதல் ஆகியவற்றை அவர்களிடம் ஒப்படைத்தது. அருகருகே இரு மேசைகள் இருக்க, ஒன்றில் அறுவை முடிந்ததும் மருத்துவர் மற்றதற்குத் திரும்புகிறார். இதனால் ஒரே மருத்துவர் பல மடங்கு அறுவைகளைச் செய்ய முடிகிறது. கண் மருத்துவர் பற்றாக்குறைக்கு இது விடையளித்தது, தரத்தையும் குறைக்கவில்லை. அங்கு செய்யப்பட்ட ஏறத்தாழ ஆறு லட்சம் அறுவைகளின் ஆய்வு, அறுவை முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்து செலுத்தியதால் கடும் தொற்று மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்ததை 2017-இல் பதிவு செய்தது. ஒவ்வொரு தோல்வியையும் எண்ணிப் பதிந்ததால்தான் இத்திருத்தம் சாத்தியமாயிற்று.

அறுவைக்கூடத்தையே மக்களை நோக்கி நகர்த்தும் முயற்சியும் இங்கு நிகழ்ந்தது. சென்னை சங்கர நேத்ராலயா, இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் துணையோடு, இணைக்கப்பட்ட இரு பேருந்துகளுக்குள் முழு அறுவைக்கூடத்தை அமைத்து 2011-இல் இயக்கத் தொடங்கியது. பள்ளிக்கூடங்களிலும் கொட்டகைகளிலும் அறுவை செய்த பழைய முகாம் முறை தொற்று அச்சத்தால் கைவிடப்பட்ட பின், தூய்மையையும் அண்மையையும் சேர்த்துத் தர முயன்ற வழி இது. அரவிந்த் தொடங்கிய பார்வை மையங்களில், பயிற்சி பெற்ற பணியாளர் சோதித்துப் பதிவு செய்ய, தொலைவிலுள்ள மருத்துவர் காணொளியில் நோயாளியோடு பேசி முடிவு கூறுகிறார்.

செய்ய வேண்டியவை

மேற்கண்ட சான்றுகளைத் தொகுத்து நோக்கினால், கண் கோளத்தைத் திறக்கும் அறுவைகளைக் கண் மருத்துவருக்கே உரியனவாக வைத்திருப்பது சரி என்றும், மற்ற பணிகளில் ஆப்டோமெட்ரிஸ்டின் உரிமை இன்றுள்ளதைவிடப் பெரிதும் விரிய வேண்டும் என்றும் முடிவுக்கு வரலாம். புரையை உறுதிசெய்து அறுவைக்கு நாள் குறித்து நேரடியாக அனுப்பும் அதிகாரம், வரையறுத்த பட்டியலிலிருந்து சொட்டு மருந்து எழுதும் அதிகாரம், அறுவைக்குப் பின் ஊரிலேயே கண்ணைச் சோதிக்கும் பொறுப்பு ஆகியவை அவருக்குச் சட்டப்படி வழங்கப்பட வேண்டும். அறுவைக்குப் பின் வலி, சிவப்பு, பார்வை மங்கல் என்று வருபவரிடம் தொற்றை அன்றே அடையாளம் கண்டு அனுப்பினால் அந்தக் கண்ணைக் காப்பாற்றலாம். மலையிறங்கி வரும்வரை காத்திருந்தால் இழக்க நேரும். லேசர் சிகிச்சைகளைப் பொறுத்தவரை, மருத்துவமனைக்குள், கண் மருத்துவரின் பொறுப்பில், முடிவுகள் அனைத்தும் பதிவேட்டில் ஏறும் நிபந்தனையோடு சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை; சான்று வந்தபின் எல்லையை மாற்றிக்கொள்ளலாம்.

ஜவ்வாது மலைக்கு இதன் பொருள் தெளிவானது. ஜமுனாமரத்தூரில் நிலையான பணியிடத்தில் ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட், மாவட்ட மருத்துவமனையோடு காணொளித் தொடர்பு, முன்னரே அறிவிக்கப்பட்ட நாட்களில் வரும் நடமாடும் அறுவைக்கூடம் அல்லது துணையாளரையும் ஏற்றிச் சென்று திரும்பக் கொண்டுவிடும் வண்டி, துணைக்கு வருபவருக்கு இழந்த கூலிக்கான ஈடு ஆகியவை சேர்ந்தாலே பெரும்பாலான புரைநோயாளிகள் பார்வை பெறுவர். மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தோடு 2021-இல் வீடுவரை சென்ற மாநிலத்துக்கு இது எட்டாத செயலன்று. மலையில் வாழ்கிறார் என்பதற்காக ஒருவர் பார்வையின்றி இருப்பதையும் ஏற்கலாகாது. அதே காரணத்துக்காகக் குறைந்த பயிற்சி பெற்ற கையிடம் அவர் கண்ணை ஒப்படைப்பதையும் ஏற்கலாகாது. திருவண்ணாமலையிலோ சென்னையிலோ வாழும் ஒருவருக்குக் கிடைக்கும் அதே தரமான அறுவை அவருக்கும் கிடைக்கும்படி ஏற்பாடு செய்வது அரசின் கடமை.